சனிக்கிழமை அரையிறுதி, ஞாயிற்றுக்கிழமை லீக்: திருகோணமலை உதைபந்தாட்டக் கழகமொன்றின் முடிவு

பின்னணி

இங்கு பேசப்படும் கழகம் திருகோணமலை நகரின் கரையோரக் குடியிருப்பு ஒன்றைச் சேர்ந்தது. கழகத்தின் பெயரும் ஆட்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. அணியில் மூன்றிலொரு பங்கினர் கடற்றொழில் செய்பவர்கள். மற்றவர்கள் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்கள், உயர்தரம் படிப்பவர்கள், முச்சக்கரவண்டி ஓட்டுபவர்கள்.

அந்தப் பருவத்தில் லீக்கின் முதற்பிரிவில் 10 அணிகள் இருந்தன. ஒவ்வொரு அணியும் மற்ற 9 அணிகளை ஒருமுறை மட்டுமே சந்திக்கும். கடைசி இரண்டு இடங்களில் முடிப்பவை இரண்டாம் பிரிவுக்கு இறங்கும். அதே மாதங்களில் தோற்றால் வெளியேறும் முறையில் ஒரு கிண்ணப் போட்டியும் நடந்தது. இரண்டுக்கும் பொறுப்பானவர்கள் வேறு வேறு ஆட்கள் என்பதால் ஆட்ட அட்டவணைகள் ஒன்றையொன்று பார்த்துத் தயாரிக்கப்படவில்லை.

கிழக்குக் கரையில் வாடை ஓய்ந்து கடல் அடங்கியிருக்கும் மாதங்கள்தான் மைதானம் காய்ந்திருக்கும் மாதங்களும். உதைபந்தாட்டம் சூடுபிடிக்கும்போது மீன்பிடியும் சூடுபிடித்திருக்கும். இரவு கடலுக்குப் போய் விடியற்காலையில் திரும்பிய வீரர் அன்று மாலையே கச்சான் காற்றில் 90 நிமிடம் ஓட வேண்டியிருக்கும். இந்தக் கழகத்தின் எந்தக் கணக்கையும் இதை விட்டுவிட்டுப் பார்க்க முடியாது.

6 லீக் ஆட்டங்கள் முடிந்தபோது 1 வெற்றி, 1 சமநிலை, 4 தோல்வி. புள்ளிகள் 4, இடம் 9. எட்டாம் இடத்து அணியிடம் 6 புள்ளிகளும் பத்தாம் இடத்து அணியிடம் 2 புள்ளிகளும் இருந்தன. கிண்ணப் போட்டியில் மட்டும் இரண்டு சுற்றுகளைத் தாண்டி அரையிறுதிக்கு வந்திருந்தார்கள். இருபது வருடங்களுக்கு மேலாகக் கழகம் எந்த இறுதி ஆட்டத்திலும் விளையாடியதில்லை.

பிறகுதான் அரையிறுதித் திகதி அறிவிக்கப்பட்டது. அரையிறுதி சனிக்கிழமை மாலை. எட்டாம் இடத்து அணியுடன் ஏற்கெனவே குறித்திருந்த லீக் ஆட்டம் மறுநாள் ஞாயிறு, மாலை 4.15க்கு.

அவதானித்தவை

பதிவு செய்த வீரர்கள் 26 பேர். பயிற்சிக்கு ஒழுங்காக வந்தவர்கள் 18 பேர். மீதி எட்டுப் பேரில் ஐவர் கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலையில் இருந்தார்கள். மற்ற மூவர் இளையோர் அணியிலிருந்து பதிவு செய்யப்பட்டு இன்னும் களமிறங்காதவர்கள். ஆக, உண்மையில் கையில் இருந்தது 21 பேர்.

6 ஆட்டங்களில் அடித்த கோல்கள் 4, வாங்கியவை 11. செயலாளர் கோல் விழுந்த நிமிடங்களையும் ஆட்டக் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தார். அந்த 11இல் 5 கோல்கள் 70ஆவது நிமிடத்துக்குப் பின் விழுந்தவை. முதல் நாள் இரவு கடலுக்குப் போன பின்கள வீரரும் பக்கவாட்டு வீரரும் ஆடிய நாட்களில்தான் இவற்றில் பெரும்பாலானவை விழுந்திருந்தன. அவர்களிடம் திறமைக் குறை ஒன்றும் இல்லை. தூக்கம்தான் குறைவு.

ரசிகர்கள் கவனிக்காத இன்னொரு விடயமும் குறிப்பேட்டில் இருந்தது. கிண்ணத்தின் முதற்சுற்றில் வென்றது 0-0க்குப் பின் பெனல்டியில் 4-3 என்று. காலிறுதியில் வென்றது ஒரு கோர்னரில் வந்த ஒற்றைக் கோலால். இரண்டு ஆட்டங்களிலும் பத்துப் பேரும் தங்கள் பாதிக்குள் இறங்கி நின்று தாக்குப்பிடித்தார்கள். கிண்ணத்தில் 0-0 என்பது பெனல்டி வரை கொண்டுபோய் முழு வெற்றியாகவே மாறலாம். லீக்கில் அதே 0-0க்கு ஒரு புள்ளிதான். அரையிறுதி வரை வந்த அணி நல்ல நிலையில் இருக்கிறது என்று பலர் நம்பினார்கள். குறிப்பேடு காட்டியது வேறு: ஒரே ஆட்டமுறைக்கு ஒரு போட்டி பரிசளித்தது, மற்றது தண்டித்தது. இந்த முறையிலேயே தொடர்ந்தால் கிண்ணத்தில் இன்னும் முன்னேறலாம், லீக்கில் இறங்குவது நிச்சயம்.

ரசிகர்களின் வாதம்

கழகத்தின் வட்ஸ்அப் குழுவிலும் பின்னர் கழக அறையில் கூடிய கூட்டத்திலும் வாதம் சூடாகவே நடந்தது. மூத்த ரசிகர்களும் பழைய வீரர்களும் கிண்ணத்தின் பக்கம் நின்றார்கள். இளையோர் அணிப் பிள்ளைகளின் பெற்றோரும் பொருளாளரும் லீக்கின் பக்கம். இங்கிலாந்து ஆட்டங்களை ஒன்றுவிடாமல் பார்க்கும் ஊர் என்பதால் இரு பக்கமும் அங்கிருந்தே உதாரணம் எடுத்தார்கள். அந்த உதாரணங்கள் எவ்வளவு பொருந்தும் என்று கூட்டத்தில் யாரும் நின்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பாதி வாதம் அங்கேயே முடிந்திருக்கும்.

கிண்ணப் பக்கம் முதலில் நீட்டியது விகன் அத்லெட்டிக்கை. 2013 மே 11ஆம் திகதி, எஃப்.ஏ. கிண்ண இறுதியில் மன்செஸ்டர் சிற்றியை 1-0 என வென்றது. மாற்று வீரராக வந்த பென் வாட்சன் 91ஆவது நிமிடத்தில் தலையால் அடித்த கோல். மூன்று நாள் கழித்து ஆர்சனலிடம் 4-1 எனத் தோற்று இங்கிலாந்தின் முதற்பிரிவான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. ஒரே பருவத்தில் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்று இறங்கவும் செய்த முதல் கழகம் அதுதான். "இறங்கினாலும் பேர் நிலைச்சுதுதானே" என்பது அவர்களின் வாதம். பெயர் நிலைத்தது உண்மை. ஆனால் விகன் 2015இல் மூன்றாம் நிலைப் பிரிவுக்கும் இறங்கியது, பிரீமியர் லீக்குக்குத் திரும்பவேயில்லை. மறுபக்கம், கிண்ணம்தான் விகனை இறக்கியது என்று சொல்வதும் சரியில்லை. 38 ஆட்டங்களில் அது எடுத்தது 36 புள்ளிகள். இறுதி ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்புதான் சொந்த மைதானத்தில் சுவான்சியிடம் 3-2 எனத் தோற்றிருந்தது. சறுக்கல் அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது.

அடுத்த உதாரணம் டொட்டன்ஹாம். 2024-25 பருவத்தில் 22 தோல்விகளுடன் லீக்கில் 17ஆம் இடம், ஆனால் 2025 மே 21 அன்று பில்பாவோவில் மன்செஸ்டர் யுனைட்டட்டை 1-0 என வென்று, ஐரோப்பியக் கழகங்களின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கின் கிண்ணம். "லீக்கை விட்டுட்டுக் கிண்ணத்தைப் பிடிச்சாங்கள், பாருங்கோ" என்று ஒரு மூத்த ரசிகர் குழுவில் குரற்பதிவு போட்டார். அந்த வருடம் இறங்கிய சௌதாம்ப்டன், லெஸ்டர், இப்ஸ்விச் மூன்றின் கதையும் ஏப்ரல் மாதத்திலேயே முடிந்துவிட்டது. டொட்டன்ஹாம் 38 புள்ளிகள், 18ஆம் இடத்து லெஸ்டர் 25. பதின்மூன்று புள்ளி இடைவெளியில் நின்றுகொண்டு ஒரு கழகம் லீக்கில் ஆட்களை ஓய்வெடுக்க விடலாம். இறங்கும் வலயத்துக்குள்ளேயே நிற்கும் கழகத்துக்கு அந்த வசதி இல்லை. யூரோப்பா லீக்கை வென்றவருக்கு அடுத்த வருடம் ஐரோப்பாவின் முதல்நிலைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் இடமும் கிடைக்கும். இங்கே கிடைப்பது ஒரு கிண்ணமும், கழகத்தின் ஒரு பருவச் செலவில் கால்வாசியைக்கூட ஈடுசெய்யாத பரிசுத் தொகையும்தான்.

லீக் பக்கம் பேர்மிங்ஹாம் சிற்றியைச் சொன்னார்கள். 2011 பெப்ரவரியில் இங்கிலாந்தின் இன்னொரு கிண்ணப் போட்டியான லீக் கிண்ணத்தின் இறுதியில் ஆர்சனலை 2-1 என வென்று, மே மாதத்தில் பருவத்தின் கடைசி நாளில் இறங்கிய அணி. உதாரணம் சரிதான். ஆனால் அங்கே கிண்ணத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஏறத்தாழ மூன்று மாதங்கள். இங்கே இரண்டு ஆட்டங்களுக்கும் நடுவே 24 மணித்தியாலம்.

மொத்த உதாரணங்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. 38 ஆட்ட லீக்கில் ஓர் ஆட்டம் கைவிட்டுப் போனால் ஈடுசெய்ய 37 இருக்கும். 9 ஆட்ட லீக்கில் ஓர் ஆட்டம் என்பது பருவத்தில் ஒன்பதிலொரு பங்கு. அதுவும் நேரடிப் போட்டியாளருடன் என்றால் நாம் எடுக்கும் மூன்று புள்ளிகளும் அவர்களுக்குக் கிடைக்காமற்போகும் மூன்றும் சேர்ந்து ஆறு.

கிண்ணப் பக்கத்தின் வாதத்தில் கனமான பகுதி உதாரணங்களில் இருக்கவில்லை. அணித்தலைவருக்கு அது கடைசிப் பருவம். அவர் பயிற்றுவிப்பாளரிடம் தனியாகப் போய்ச் சொன்னது: "அண்ணை, எனக்கு அடுத்த வருசம் இல்லை. சனிக்கிழமை விளையாட விடுங்கோ." பயிற்றுவிப்பாளர் சொன்ன பதில்: "ஞாயிற்றுக்கிழமை நீ இல்லாமல் ஏலாது, தம்பி." இருவர் சொன்னதும் உண்மை. எந்தப் புள்ளிப்பட்டியலும் அணித்தலைவருக்கு இதை ஈடுசெய்யாது. அதை எழுதிவைப்பது கடமை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் அரையிறுதியைத் தள்ளிவைக்கும்படி எழுத்தில் கேட்டார்கள். மைதானம் வேறு நாளுக்குக் கிடைக்காது என்று மறுக்கப்பட்டது. அரையிறுதிக்குப் போகாமல் எதிரணிக்கு வெற்றியை விட்டுக்கொடுப்போம் என்று சிலர் சொன்னார்கள். கழக நிர்வாகக் குழு அதை உடனே நிராகரித்தது, சரியாகவே நிராகரித்தது. ஆட்டத்துக்குப் போகாமல் விடுவதன் விலைக்கு இங்கிலாந்திலேயே சான்று உண்டு. 1996 டிசம்பரில் நோயும் காயமும் காரணம் என்று சொல்லி பிளக்பேர்னுடனான ஆட்டத்துக்கு மிடில்ஸ்பரோ போகவில்லை. 3 புள்ளிகள் கழிக்கப்பட்டன. அந்தப் பருவத்தில் இரண்டு கிண்ண இறுதிகளுக்கு வந்து இரண்டிலும் தோற்று, 39 புள்ளிகளுடன் இறங்கியது. தப்பிய கொவன்ட்ரியிடம் இருந்தது 41.

அடுத்து, இரண்டு போட்டிகளின் விதிப் பத்திரங்களையும் செயலாளரும் பயிற்றுவிப்பாளரும் வரிவரியாகப் படித்தார்கள். திட்டமே அதிலிருந்துதான் பிறந்தது. நான்கு விடயங்கள் தேவைப்பட்டன. அரையிறுதி சமநிலையில் முடிந்தால் மேலதிக நேரம் இல்லை, நேராகப் பெனல்டி. ஐந்து மாற்று வீரர்களுக்கு அனுமதி. மஞ்சள் அட்டைகள் போட்டிக்குப் போட்டி தனித்தனிக் கணக்கு. சிவப்பு அட்டை மட்டும் எந்தப் போட்டியானாலும் அடுத்த ஆட்டத்துக்கு வந்து நிற்கும். அதாவது சனிக்கிழமை ஒருவர் வாங்கும் சிவப்பு அட்டை ஞாயிற்றுக்கிழமை அணியை உடைக்கும்.

இதை வைத்து 21 பேரும் மூன்றாகப் பிரிக்கப்பட்டார்கள்.

முதல் தொகுதி ஐவர்: கோல் காப்பாளர், நடுப் பின்களம் இருவர் (ஒருவர் அணித்தலைவர்), மத்திய களத்தில் ஒருவர், முன்கள வீரர். இவர்களுக்குச் சனிக்கிழமை ஒரு நிமிடமும் கிடையாது. ஆட்டப் பட்டியலிலேயே பெயர் சேர்க்கவில்லை. மாற்று வீரர் ஆசனத்தில் இருந்தால் 80ஆவது நிமிடத்தில் ரசிகர்களின் சத்தத்துக்கு யாராவது ஒருவர் இறங்கிவிடுவார் என்பது தெரிந்த கதை. இரண்டாம் தொகுதி நால்வர்: ஆட்டத்தைத் தொடங்குவார்கள், இருவர் இடைவேளையோடும் இருவர் 60ஆவது நிமிடத்தோடும் வெளியே. மூன்றாம் தொகுதி 12 பேர்: இரண்டாம் கோல் காப்பாளர், மற்ற எட்டு வீரர்கள், இளையோர் மூவர். இவர்களில் எழுவர் தொடக்கத்தில், ஐவர் ஆசனத்தில்.

ஏன் இரண்டாம் தொகுதிக்குச் சரியாக அந்த வரம்பு? முழு ஆட்டம் ஓடியவரின் தசைகளில் தீர்ந்துபோன சக்தி நிரம்ப ஒரு நாளுக்கு மேல் ஆகும். தசை வலி உச்சத்துக்கு வருவது மறுநாளும் அதற்கடுத்த நாளும். பாதி ஆட்டம் ஓடியவர் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினால் மறுநாள் ஒப்பேற்றலாம். முழு ஆட்டம் ஓடியவரால் முடியாது. முடிந்தாலும் அந்தக் கடைசி 20 நிமிடம் கைவிடும். குறிப்பேட்டில் ஏற்கெனவே இரத்தம் கசிந்துகொண்டிருந்த 20 நிமிடம் அது.

கடற்றொழில் செய்யும் அந்தப் பின்கள வீரருக்கும் பக்கவாட்டு வீரருக்கும் தனி ஏற்பாடு. வெள்ளி, சனி இரண்டு இரவும் கடலுக்குப் போகக்கூடாது. படகு உரிமையாளரைப் பொருளாளரே நேரில் போய்ச் சந்தித்தார். மாற்றாள் போட ஒப்புக்கொண்டார்கள், இரு இரவுப் பங்கில் ஒரு பகுதியைக் கழகம் கொடுத்தது. அந்தப் பருவத்தில் கழகம் செலவழித்த பணத்தில் இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை.

அந்த இரண்டு நாட்கள்

சனிக்கிழமை இடைவேளை வரை 0-0. 52ஆவது நிமிடத்தில் இரண்டாம் தொகுதியில் ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. திட்டமிட்ட மாற்றத்தை எட்டு நிமிடம் முன்னதாகச் செய்ய வேண்டியிருந்தது. 71ஆவது நிமிடத்தில் இலவச உதை ஒன்று வீரர்கள் வரிசையாக நின்ற தடுப்புச் சுவரில் பட்டுத் திரும்ப, எவரும் பின்தொடராமல் விட்ட எதிரணி வீரர் அடித்தார். 0-1. இளையோர் இருவர் அந்நேரம் சுவரில் நின்றார்கள். உதை அடிக்கப்பட்டதும் சுவர் கலைந்து பந்தை நோக்கி ஓட வேண்டும் என்று அவர்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. 84ஆவது நிமிடத்தில் தொடக்கத்திலிருந்து ஆடிய ஒருவர் நடுவரிடம் வாக்குவாதத்துக்குப் போனபோது சக வீரர் இருவர் இடுப்பைப் பிடித்து இழுத்துவந்தார்கள். சிவப்பு அட்டை இல்லாமல் ஆட்டம் முடிந்தது.

ஆட்டப் பட்டியலைப் பார்த்துத்தான் ரசிகர்களுக்கு விடயமே தெரிந்தது. முன்னரே சொன்னால் எதிரணிக்குத் தெரிந்துவிடும் என்று குழு மறைத்திருந்தது. பலர் இடைவேளையோடு எழும்பிப் போனார்கள். மேளம் கொண்டுவந்தவர்கள் அடிக்காமலே திரும்பினார்கள். மேற்சட்டைக்கு அனுசரணை தந்த கடைக்காரர் அன்றிரவே தொலைபேசியில் விளக்கம் கேட்டார்.

அன்றிரவு இரண்டாம் தொகுதியின் நால்வருக்கும் சோறும் மீனும், ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு பக்கற் என்ற கணக்கில் கரைத்த ஜீவனியும் (நீரிழப்புக்குக் கொடுக்கும் உப்பு-சீனித் தூள்) கொடுத்து ஒன்பதரை மணிக்குள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மீன் வாடியிலிருந்து வாங்கிய ஐஸில் கால்களைப் பத்து நிமிடம் வைத்தார்கள். ஐஸ் வலியைக் குறைக்கும். இழந்த சக்தியைத் தருவது சோறும் தூக்கமும்தான்.

ஞாயிறு 18ஆவது நிமிடத்தில் கோர்னரில் அணித்தலைவர் தலையால் அடித்தார். 55இல் எதிரணி சமன் செய்தது. 80ஆவது நிமிடத்தில் முன்கள வீரர் இரண்டாவது கோலை அடித்தபோது அவரைத் துரத்தி வந்த பின்கள வீரர் கடைசி ஐந்து கஜ தூரத்தில் நின்றேவிட்டார். பருவம் முழுவதும் இந்தக் கழகத்துக்கு நேர்ந்தது அன்று எதிரணிக்கு நேர்ந்தது. முடிவு 2-1.

பின்னர் நடந்தது

அடுத்த ஆட்டத்தில் முதலிடத்து அணியிடம் 0-3 எனத் தோல்வி. எட்டாம் இடத்தில் இருந்த போட்டி அணி அதே வாரம் ஒரு சமநிலை எடுத்தது. கடைசி நாள் காலையில் இரு அணிகளிடமும் தலா 7 புள்ளிகள்.

1982 உலகக் கிண்ணத்தில் மேற்கு ஜேர்மனியும் ஒஸ்ரியாவும் தங்களுக்குத் தேவையான முடிவைத் தெரிந்துகொண்டு ஆடியதற்குப் பிறகு, பெரிய போட்டிகளில் குழுவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடத்தப்படுகின்றன. ஒரே மைதானத்தில் அடுத்தடுத்து ஆடும் லீக்கில் அது நடக்காது. கழகம் 2 மணிக்கு ஆடி, ஏற்கெனவே இறங்குவது உறுதியான பத்தாம் இடத்து அணியுடன் 1-1 எனச் சமநிலை எடுத்தது. போட்டி அணி அந்த முடிவைத் தெரிந்துகொண்டே 4.15க்குக் களமிறங்கி, வெற்றிக்காக முன்னேறித் திறந்து ஆடித் தோற்றது. இறுதிக் கணக்கு 8க்கு 7.

அந்த ஞாயிறு சமநிலையில் முடிந்திருந்தால் கணக்கு 6க்கு 8 ஆகியிருக்கும். சனிக்கிழமை முழு அணியும் ஆடியிருந்தால் அரையிறுதியை வென்றிருப்பார்களா என்பதை எவராலும் சொல்ல முடியாது. அதைச் சொல்ல முயன்ற வாதங்கள் கழகத்துக்குள் நீண்ட நாள் கசப்பை வைத்திருந்தன. மூத்த உறுப்பினர் மூவர் மாதச் சந்தாவை நிறுத்தினார்கள். அடுத்த பருவத்தில் இருவர் திரும்ப வந்தார்கள். அணித்தலைவர் சொன்னபடியே விலகினார், அவருக்கு ஓர் இறுதி ஆட்டம் கிடைக்கவேயில்லை. அரையிறுதியில் இறங்கிய இளையோர் மூவரில் ஒருவர் அடுத்த வருடம் முதற்பிரிவில் வலதுபுறப் பின்கள வீரராக நிலையான இடம் பிடித்தார். கழகம் இரண்டாம் பிரிவுக்குப் போயிருந்தால் அவரை வேறு கழகம் கேட்டிருக்கும், அவரும் போயிருப்பார்.

முடிவு சரியானது என்பதே எமது கருத்து. அதை நிறைவேற்றிய விதத்தில் பல ஓட்டைகள்.

மாற்ற வேண்டியவை

தள்ளிவைக்கும் கோரிக்கை அரையிறுதிக்குத் தகுதி பெற்ற அன்றே போயிருக்க வேண்டும். லீக் திகதிகள் அப்போதே கையில் இருந்தன. மைதானம் ஒதுக்கப்பட்ட பிறகு கேட்டால் கிடைப்பது மறுப்புத்தான்.

அணிப் பிரிப்பை வெள்ளி இரவே ரசிகர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். எதிரணிக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் மிகை. ஐந்து முக்கிய வீரர்கள் இல்லை என்பது பட்டியல் கொடுத்த அடுத்த நிமிடம் எப்படியும் தெரிந்துவிடும். ரசிகர்களுக்கு ஏற்பட்ட காயம் தோல்வியால் வந்ததல்ல, தங்களிடம் மறைத்தார்கள் என்பதால் வந்தது. 9 ஆட்டக் கணக்கையும் டொட்டன்ஹாமின் 13 புள்ளி இடைவெளியையும் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தால் எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள், ஆனால் பலர் இடைவேளைக்குப் பிறகும் இருந்திருப்பார்கள்.

இரண்டாம் கோல் காப்பாளரும் இளையோரும் அரையிறுதிக்கு முன் ஒரு லீக் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. முதல் மூன்று லீக் ஆட்டங்களில் ஒவ்வொன்றிலும் இருவரையாவது 20 நிமிடம் இறக்கினால் தேவைப்படும் நாளில் அவர்கள் புதியவர்களாக இருக்கமாட்டார்கள். சுவரில் நிற்பது, திரும்பும் பந்துக்கு ஓடுவது போன்றவற்றை முதல் பதினொருவருக்கு மட்டும் பழக்குவதை நிறுத்த வேண்டும்.

கடற்றொழில் வீரர்களுக்கான இழப்பீட்டைப் பருவ வரவுசெலவில் முன்கூட்டியே ஒதுக்க வேண்டும், நெருக்கடி நாளுக்கு மட்டுமல்ல, குறைந்தது நேரடிப் போட்டியாளர்களுடனான மூன்று ஆட்டங்களுக்கு. 70ஆவது நிமிடத்துக்குப் பிந்திய அந்த 5 கோல்களில் இரண்டைத் தடுத்திருந்தாலும் அரையிறுதி வந்தபோது கழகம் வேறு இடத்தில் நின்றிருக்கக்கூடும், அணித்தலைவரும் அன்று ஆடியிருக்கக்கூடும். அடுத்த பருவத்துக்கான வரவுசெலவில் இந்தத் தொகை நடுவர் கட்டணத்துக்கு அடுத்த வரியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.